மறு: ‘ரகசிய ஒப்பந்தம்’ – யாருடைய ரகசியம்?

மடல் 1 (பெங்களூரிலிருந்து)

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

நான்-டிஸ்க்ளோஷர் அக்ரிமென்டுக்கு, அதாவது ஒரு விஷயத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போடும் தாளுக்கு, தமிழில் ‘ரகசிய ஒப்பந்தம்’ போதும், இந்த மடல் இழையை மூடிவிடலாம் என்று போன வாரம் முடிவானபோது நானும் கை தூக்கியவன்தான். இப்போது இறக்கிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை அல்சூர் டீக்கடையில் ஓசூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் நான்கு பக்க ஆங்கிலத் தாளை என்னிடம் நீட்டினார். அவர் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷனில் சீழ் பிடித்து, மறுபடி திறந்திருக்கிறார்கள். இரண்டாவது பில்லை ஆஸ்பத்திரி தள்ளுபடி செய்கிறது, பதிலுக்கு இதில் கையெழுத்து வேண்டுமாம். தலைப்பை ‘ரகசிய ஒப்பந்தம்’ என்று படித்தேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. “நல்லதுதானேண்ணே? அம்மா விஷயத்த டாக்டருங்க வெளிய சொல்ல மாட்டோம்னு எழுதிக் குடுக்கறாங்க.”

அப்படியே தலைகீழ். உறவினர், பத்திரிகை, அரசு அதிகாரி, நீதிமன்றம் என யாரிடமும் இவர் வாய் திறக்கக் கூடாது என்பதுதான் மூன்றாம் பக்கம். தப்பு அவருடையதல்ல, நாம் தேர்ந்த சொல்லுடையது. நோயாளியின் ரகசியத்தை மருத்துவர் காப்பதும், மருத்துவமனையின் ரகசியத்தை நோயாளி காப்பதும் ஒரே பெயரில் ஓடக் கூடாது.

என் பரிந்துரை: மருத்துவரின் கடமைக்கு ‘மறைகாப்பு’. தாளுக்கு ‘வெளியிடாமை ஒப்பந்தம்’. (‘வெளியிடா ஒப்பந்தம்’ என்று சுருக்கினால் ஒப்பந்தத்தையே வெளியிடவில்லை என்று ஆகிவிடும்.) சிலர் கேட்ட ‘கமுக்கம்’ எனக்கு ஒட்டவில்லை. கமுக்கமாக இருக்கிறான் என்றால் எங்கள் ஊரில் ஏதோ செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம்.

அப்புறம் மூன்றாவதாக ஒன்று வேண்டும்: சட்டம் பேசச் சொல்லும் இடத்திலும் பேசாதே என்கிற வரிக்கு. அதற்கு ‘வாய்ப்பூட்டுச் சரத்து’. மாட்டுக்கும் போடுகிறோம், வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே வாய்ப்பூட்டுச் சட்டம் என்றும் சொல்லிவருகிறோம். நோயாளிக்கு மட்டுமான சொல்லும் அல்ல. இன்சூரன்ஸ் இல்லாமல் கைக்காசு கொடுத்தால் இந்த மாத்திரை மலிவு என்று மருந்துக்கடைக்காரர் சொல்லக் கூடாதென அமெரிக்காவில் சில ஒப்பந்தங்கள் கட்டிப்போட்டன; 2018இல் அதைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். முறைகேட்டைச் சொல்லும் ஊழியரை அடக்கும் சரத்து செல்லாது என்று பிரிட்டன் 1998லேயே எழுதிவிட்டது. நம் ஊரில் 2002இன் மருத்துவ நெறிமுறை விதிகள், சக மருத்துவரின் திறமைக்குறைவையும் ஊழலையும் அச்சமின்றி வெளிப்படுத்தச் சொல்கின்றன. அப்படியிருக்க, டாக்டரின் வேலை ஒப்பந்தத்தில் வரும் பூட்டுக்கும் ஒரு பெயர் வேண்டாமா?

மடல் 2 (டெல்லியிலிருந்து)

ஐயா, மூன்றையும் பிரித்தது சரி. ஆனால் ‘வாய்ப்பூட்டு’ என்பதிலேயே தீர்ப்பு இருக்கிறது. மொழிபெயர்ப்பில் அப்படி எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே ஆட்சேபிப்பார். பணம் வாங்கிக்கொண்டு சிவில் தகராறை முடித்துக்கொள்வது குற்றமல்ல. தொகையை வெளியே சொல்லாதே என்பதும் பெரும்பாலும் நிற்கும்.

நிற்காதது வேறு. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவே ஓர் உதாரணம் தருகிறது: கொள்ளை வழக்கை நான் கைவிடுகிறேன், எடுத்ததன் மதிப்பை நீ திருப்பிக் கொடு. இந்தப் பேரம் செல்லாது. உரிமைக்காக நீதிமன்றம் போகவே கூடாது என்று அடியோடு தடுத்தால் 28ஆம் பிரிவு குறுக்கே வரும். குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரிந்தால் போக்சோவின் 19ஆம் பிரிவுப்படி புகார் கொடுத்தே ஆகவேண்டும். எந்தக் கையெழுத்தும் அதை மாற்றாது.

‘வாய்டு’ என்பதற்குச் ‘செல்லாத’ என்றே வைப்போம். 2016 நவம்பருக்குப் பிறகு அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மடல் 3 (பெங்களூரிலிருந்து)

சரி, வழிக்கு வருகிறேன். ஆவணத்தில் ‘வெளியிடாமைச் சரத்து’, எல்லை மீறியதைச் சுட்ட ‘செல்லாத வெளியிடாமைச் சரத்து’. ‘வாய்ப்பூட்டு’ பேச்சுக்கும் கட்டுரைக்கும் இருக்கட்டும். டீக்கடையில் எனக்கு அது இல்லாமல் முடியாது.

ஓசூர்க்காரர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. முதலில் அம்மாவின் சிகிச்சைப் பதிவுகளை எழுத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அதே 2002 விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

‘மறைகாப்பு’ பற்றி மாற்றுக் கருத்துள்ளவர்கள் ஞாயிறுக்குள் எழுதுங்கள். ‘கமுக்கம்’ கட்சியினரும் எழுதலாம்.