கிளாரினெட் குவிண்டெட் கேட்ட மாலை: உங்களுக்கு எது இன்னும் உறுத்துது?

பின்வரிசை:
மொஸார்ட்டோட ஏ மேஜர் கிளாரினெட் குவிண்டெட் (ஒரு கிளாரினெட்டும் நாலு தந்தி வாத்தியமும்), அவர் படைப்புப் பட்டியல்ல கே. 581. அறிமுகமெல்லாம் வேண்டாம், நேரா விஷயத்துக்கு வரேன். லார்கெட்டோங்கிற மெதுவான ரெண்டாவது பகுதி போய்க்கிட்டிருக்கு. வயலின்கள் மியூட் போட்டு அடக்கி வாசிக்க, மேலே கிளாரினெட் மட்டும் நீளமா பாடுது. அந்த வரி இறங்குற இடத்துல "கொளக்"னு ஒரு சத்தம். துளைக்குள்ள தண்ணி கட்டிக்கிச்சு. மனுஷன் முகத்துல ஒரு சலனமும் இல்லை, அப்படியே வாசிச்சு முடிச்சார்.

அடுத்த பகுதியான மினுவெட்டுல முதல் டிரியோ (மினுவெட்டுக்கு நடுவுல வர்ற பகுதி) வந்துச்சு. அதுல கிளாரினெட்டுக்கு ஒரு சுரம்கூடக் கிடையாது, தந்தி வாத்தியங்கள் நாலும் மட்டும்தான். அப்பதான் சட்டைப் பையிலிருந்து, தண்ணியை உறிஞ்ச, சிகரெட் பேப்பர் எடுத்தார். துளையை மூடுற சாவிக்கு அடியில தாளைச் செருகி, சாவி "டக்"னு விழாம விரலாலேயே மெல்ல இறக்கி, அழுத்தி, உருவினார். திரும்ப ஒருதடவை. பக்கத்துல ஏ மைனர்ல அவ்வளவு கலக்கமான இசை ஓடிக்கிட்டிருக்கு, என் கண்ணு அந்த விரலை விட்டு நகரல. லார்கெட்டோவுக்கும் மினுவெட்டுக்கும் நடுவுலதான் இடைவெளி இருந்துச்சே, அப்பவே ஏன் துடைக்கல? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மேல்மாடி:
எனக்கு பிராம்ஸோட கிளாரினெட் குவிண்டெட், பி மைனர். முடிவு ஞாபகம் இருக்கும்ல? ஒரே மெட்டை மாத்தி மாத்தி வாசிக்கிற மாறுபாடுகள் எல்லாம் ஓஞ்சு, முதல் மூவ்மெண்டோட (முதல் பகுதியோட) தொடக்கமே திரும்ப வரும். அப்புறம் பலமா ஒரு கார்டு (பல சுரம் ஒண்ணா ஒலிக்கிறது), அது அடங்கி மெல்லிசா இன்னொண்ணு. அந்த ரெண்டுக்கும் நடுவுல எனக்குப் பின்னாடி ஒருத்தர் "பிராவோ!"ன்னு கத்திட்டார். பாதி அரங்கம் கைதட்ட ஆரம்பிச்சாச்சு. அஞ்சு பேரும் நிறுத்தல. வில்லு நகர்றதைப் பார்த்தேன், கிளாரினெட்காரர் கன்னம் இறுகுறதைப் பார்த்தேன், கடைசிக் கார்டு மட்டும் காதுக்கு வரவே இல்லை. டிக்கெட் வாங்கினதே அந்த ஒரு கார்டுக்காகன்னு சொன்னா நம்புவீங்களா?

இடைவேளை:
மேல்மாடி, இவ்வளவு கோபம் எதுக்கு? என் அனுபவம் சின்னது: வெபர் குவிண்டெட்டுல ஃபாண்டாசியாங்கிற ரெண்டாவது மூவ்மெண்ட் முடிஞ்சதும் தட்டினேன், பக்கத்து நாற்காலிக்காரர் முறைச்சார். அவ்வளவுதான். ஆனா இந்த முறைக்குற பழக்கம் எப்ப வந்துச்சு? 1778-ல் மொஸார்ட் பாரிஸிலிருந்து அப்பாவுக்கு எழுதின கடிதத்தைப் பாருங்க. சிம்பொனியோட முதல் மூவ்மெண்ட் நடுவுலேயே ஜனங்க கைதட்டினதைச் சந்தோஷமா எழுதுறார். இந்தத் திரியில பேசுற கே. 581-ஐயே எடுத்துக்குங்க. 1789 டிசம்பர் 22, வியன்னா பர்க் தியேட்டர்ல முதல் அரங்கேற்றம். அதுவும் ஒரு கான்டாட்டாவோட (பாடகர்கள் பாடுற பெரிய படைப்பு) ரெண்டு பாகத்துக்கு நடுவுல, இடைச்செருகலா. மூச்சடக்கி உட்கார்ந்து கேட்டிருப்பாங்கன்னு நினைக்கிறீங்களா? தட்டினவருக்கு இசை பிடிச்சிருந்துச்சு, அதுக்குத்தான் தட்டினார். விடுங்க.

மேல்மாடி:
மூவ்மெண்ட் முடிஞ்சு தட்டினா நானும் தட்டுவேன். இது முடியறதுக்கு முன்னாடி. ரெண்டும் ஒண்ணா?

பழையரீட்:
மொஸார்ட்டை நான் கேட்டது பாஸெட் கிளாரினெட்ல, வழக்கமான கிளாரினெட்டைவிடக் கீழே போற வகை. அந்தக் கீழ் சுரம் வந்தப்ப நாற்காலிக் கை லேசா அதிர்ந்துச்சு. அது போதும் எனக்கு.

புதுசா போறவங்களுக்குச் சில விஷயம். கிளாரினெட் சத்தம் கீழே இருக்கிற மணியிலிருந்து (விரிஞ்ச வாயிலிருந்து) மட்டும் வர்றதில்லை, திறந்திருக்கிற துளைகள் வழியாவும் வரும். அதனால மணி எந்தப் பக்கம் பார்த்திருக்குன்னு கவலைப்படாதீங்க. வயோலா தெரியற இடமாப் பார்த்து உட்காருங்க. மொஸார்ட் கடைசி மூவ்மெண்டுல மூணாவது மாறுபாடு வயோலாவுக்குத்தான், அந்தப் புலம்பலைத் தவற விட்டா பாதி போச்சு. அப்புறம் எந்தக் கிளாரினெட்னு கவனிங்க. மொஸார்ட் எழுதினது கிளாரினெட் கலைஞர் ஆன்டன் ஸ்டாட்லருக்காக. அவர்கிட்ட இருந்தது வழக்கத்தைவிட நாலு அரைச்சுருதி கீழே போகக்கூடியது. மூலக் கையெழுத்துப் பிரதி தொலைஞ்சு போச்சு, 1802-ல் அச்சானது சாதாரண கிளாரினெட்டுக்கு ஏத்த பதிப்பு. பிராம்ஸ் குவிண்டெட்டைக் கேட்குறதுக்கு முன்னாடி ம்யூல்ஃபெல்ட்ங்கிற கிளாரினெட்காரர் பத்திப் படிச்சுடுங்க. ஜெர்மனியோட மைனிங்கன் இசைக்குழுவுல முதல்ல வயலின் வாசிக்கச் சேர்ந்தவர் அவர். எழுதினது போதும்னு 1890-ல் முடிவு பண்ணின பிராம்ஸை, 1891-ல் மறுபடி பேனா எடுக்க வெச்சது அவரோட கிளாரினெட் வாசிப்புதான். இருமல் வர்றவங்க மிட்டாய்த் தாளை முன்னாடியே பிரிச்சு வெச்சுக்குங்க. மெதுவாப் பிரிச்சா சத்தம் குறையாது, நீளும்.

பின்வரிசை:
ஐயா, எங்க உட்காரணும்னு யாரும் கேட்கலையே! நான் கேட்டது ஏன் அப்பவே துடைக்கலன்னு.

அரைச்சுருதி:
நான் வாசிக்கிறவ, நான் சொல்றேன். மூச்சுல இருக்கிற ஈரம் குளிர்ந்த மரத்துல பட்டுத் தண்ணியாகும், மேல் பாகத்துல இருக்கிற சின்னத் துளைகள்ல போய் அடைக்கும். லார்கெட்டோ முடிஞ்சதும் மத்தவங்க மியூட்டைக் கழட்டுவாங்க, அது நொடி நேர வேலை. உடனே முதல் வயலின் மூச்செடுத்துத் தலையசைப்பார், மினுவெட்டுல நாமளும் கூடவே தொடங்கணும். தாளைச் செருகிட்டு மாட்டிக்கிட்டா அதோட கதை முடிஞ்சது. துளையில ஒருதடவை ஊதிவிட்டுச் சமாளிச்சிருப்பார், நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. டிரியோவுல நிதானமா நேரம் கிடைக்கும்னு அவருக்குத் தெரியும். நானா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பேன். எனக்கு உறுத்துறது வேற: எனக்கு இது நடந்த அன்னிக்கு அந்த டிரியோவுலேயே தண்ணி வத்தல, ரெண்டாவது டிரியோ முழுக்க கிளாரினெட்தான்.

பின்வரிசை:
ஐயோ. அப்புறம் என்ன செஞ்சீங்க?

அரைச்சுருதி:
வாசிச்சேன். கொளகொளன்னே.

இடைவேளை:
அப்பவும் யாராவது கைதட்டியிருப்பாங்களே, மேல்மாடி கோபப்படாம இருந்தா சரி.