புதுப்பிப்பு: அம்மாவின் முழங்கால், சத்திரசிகிச்சை முடிந்து ஆறாவது கிழமை

முழங்கால் மூட்டை மாற்றினால் 71 வயது அம்மா திரும்பவும் வெள்ளவத்தைச் சந்தைக்கு நடப்பாரா என்று முன்பு கேட்டிருந்தேன். வயதை நினைத்துப் பயந்தது என் பிழை. சத்திரசிகிச்சைக்கு முன் கால் எவ்வளவு மடங்கியது, தொடைத் தசையில் எவ்வளவு பலம் இருந்தது என்பவைதான் முக்கியம் என்றார் பிசியோ (உடற்பயிற்சி சிகிச்சை தருபவர்). முதல் மாதத்தில் அந்தப் பலம் பாதிக்கு மேல் போய்விடுமாம். "எழும்பேலாமல் கிடக்கு" என்று அம்மா அழுதது அதனால்தான்.

முன்னேற்றம் பார்க்க ஒரு சோதனை: கதிரையிலிருந்து எழுந்து 3 மீற்றர் நடந்து, திரும்பிவந்து உட்கார வேண்டும், நேரம் பிடிப்பார்கள். முதலில் 31 செக்கன், நேற்று 14. மாடிப்படிதான் இன்னும் கைப்பிடியைக் கட்டிப்பிடித்து, ஒவ்வொன்றாக. லிப்ட் இல்லாத வீடு, என்ன செய்ய!

சரி, சந்தை இன்னும் இல்லை. காலி வீதி முனை வரை போய் முருங்கைக்காய் வாங்கி வந்தார், பேரம் பேசித்தான்.