59-ல் நடக்கிற கதைக்கு 61-ல் வந்த பாட்டா?

ஒலிநாடா:
'ஸ்டாண்ட் பை மீ' (1986) படம் பால்ய நட்பை "அந்தக் காலத்தோட அப்படியே கண்முன் நிறுத்துது"ன்னு ஒருத்தர் உருகி எழுதியிருக்கார். அப்படியேவா? நாலு அமெரிக்கப் பையன்கள் ஒரு பிணத்தைத் தேடிப் போற கதை, நடக்கிறது 1959 கோடை. பென் ஈ. கிங் பாடின அந்தத் தலைப்புப் பாட்டு வந்தது 1961. இன்னும் பிறக்காத பாட்டை நினைச்சு ஏங்குறது எந்த ஊர் நியாயம்?

கடைசிபெஞ்ச்:
பையன்களோட ரேடியோவுல அது ஓடவே இல்லையே. கிங்கோட குரல் வர்றது கடைசியில பேர் ஓடும்போது. அப்போ நாம இருக்கிறது எழுத்தாளனாகி, கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்து கதை சொல்ற பெரிய கோர்டியோட, அந்த நாலு பேர்ல ஒருத்தன். ஏங்குறவன் அவன்தான். பன்னிரண்டு வயசுக்காரன் எதுக்கு ஏங்கணும்? கூட்டாளிங்க பக்கத்துலயே இருக்காங்க.

ஒலிநாடா:
பேர் ஓடும்போது மட்டுமா? பின்னணி இசையிலயும் அதே மெட்டு வருது, காதைக் கழட்டி வெச்சுட்டுப் பார்த்தீங்களா? படத்துல வர்ற மத்த பாட்டுகளைப் பாருங்க: 'எவ்ரிடே' 1957, 'லாலிபாப்' 1958, 'யாக்கெட்டி யாக்' 1958. எல்லாம் 59-க்கு முன்னாடி. இவ்வளவு கணக்குப் பார்த்தவங்க தலைப்புப் பாட்டுல மட்டும் கோட்டை விட்டது ஏன்?

நெகட்டிவ்காரன்:
வருஷத்தை விடுங்கப்பா. பையன்கள் ரயில் பாலத்துல மாட்டிக்கிற காட்சியைப் பாருங்க. ரயில் முதுகுல ஏறுற மாதிரி தெரியறது டெலிஃபோட்டோ லென்ஸ் பண்ற வேலை. தூரத்துல இருக்கிறதை இழுத்துக்கொண்டு வந்து ஒட்டவெச்சிடும். நிஜத்துல ரயில் எங்கேயோ பின்னால. கூட்டாளி வெர்ன் தவழ்றான், பின்னால வர்ற கோர்டி அவனை விட்டுட்டுப் போகலை. நட்புக்கு இதைவிட என்ன வேணும்?

ஒலிநாடா:
லென்ஸை யார் கேட்டா? போன விவாதத்துலயும் இதே லென்ஸ்தான். நான் கேட்டது 61.

மூலநூல்:
இந்தப் படத்தோட மூலக்கதை, ஸ்டீஃபன் கிங்கோட 'தி பாடி' (1982) படிச்சவங்க யாராவது உண்டா? குறுநாவல்ல கதை 1960-ல, மெய்ன் மாநிலத்துல நடக்குது. படத்துல 59, ஓரிகன். நாவல்ல பெரிய பையன்களை மிரட்டுற துப்பாக்கி, கோர்டியோட நெருங்கின நண்பன் கிறிஸ் கையில. படம் அதைக் கோர்டிக்குத் தூக்கிக் கொடுத்துடுச்சு. மத்த ரெண்டு கூட்டாளிங்க டெடி, வெர்ன் சாவையும் வெட்டிட்டாங்க. இதுக்கெல்லாம் வராத கோபம் ஒரு பாட்டுக்கு வருதாக்கும்!

ஒலிநாடா:
60-ன்னு வெச்சாலும் பாட்டு வரலை சார். என் கட்சிக்கே சாட்சி சொன்னதுக்கு நன்றி.

கடைசிபெஞ்ச்:
கடைசியில கிறிஸ் நடந்து போறான், உருவம் அப்படியே கரைஞ்சு மறையுது. அவன் கத்திக்குத்துல சாகப்போறது 59-ல யாருக்கும் தெரியாது, கதை சொல்றவனுக்குத்தான் தெரியும். பாட்டும் அவன் இருக்கிற காலத்துலேர்ந்துதான் வருது.

ஒலிநாடா:
அப்போ ரேடியோவுலயும் 61 பாட்டைப் போட்டிருக்கலாமே? அங்கே மட்டும் ஏன் பயந்தாங்க?

நெகட்டிவ்காரன்:
ரேடியோ பையன்களோடது, பேர் ஓடுறது பார்வையாளனுக்கு. இதுகூடப் புரியாதவர் லென்ஸைக் கிண்டல் பண்றார்.

ஒலிநாடா:
புரியாதது யாருக்குன்னு படிக்கிறவங்க சொல்லட்டும். 86-ல அமெரிக்க ஹிட் பாட்டுப் பட்டியல்ல அந்தப் பாட்டு மறுபடி முதல் பத்துக்குள்ள ஏறிச்சே, அது நட்புக்காகவா, வியாபாரத்துக்காகவா?

மூலநூல்:
துப்பாக்கி யார் கையிலங்கிறதுக்கு இன்னும் யாரும் வாயைத் திறக்கலை.

ஒலிநாடா:
61-க்கும்தான்.