விஸ்க்ரி: ஒரு சாக்ஸன் கிராமமும் அதை விட்டுப் போனவர்களும்

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம்.

வெளிநாடுகளில் நம்மைப்போல் ஊர்ச் சங்கம் வைத்திருப்பவர்கள் யார், அவர்கள் வசூலித்த பணத்தை என்ன செய்கிறார்கள் என்று ஆண்டுக் கூட்டத்துக்கு முன் விசாரித்துச் சொல்லும்படி செயலாளர் கேட்டிருந்தார். நான் இருக்கும் நியூரெம்பெர்க் பக்கம் இதற்குப் பெயர்போனவர்கள் டிரான்சில்வேனிய சாக்ஸன்கள், அதாவது ருமேனியாவின் டிரான்சில்வேனியா பகுதியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஜெர்மானியர்கள். அங்கே தாங்கள் விட்டுவந்த கிராமங்கள் பலவற்றுக்கும் ஜெர்மனியில் தனித்தனிச் சங்கம் வைத்திருக்கிறார்கள். பெந்தெகொஸ்தே விடுமுறையில் டிங்கெல்ஸ்பூல் என்னும் சிறு நகரத்தில் கூடி, பாட்டன் காலத்து உடை உடுத்தி, ஊர்ப் பெயர்ப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். 1951 முதல் இந்தக் கூட்டம் நடக்கிறது.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவரின் அம்மா பிறந்த ஊர் விஸ்க்ரி. ஜெர்மன் பெயர் டாய்ச் வைஸ்கிர்ஷ். போன கோடையில் அவர்கள் குடும்பத்தோடு நானும் ஒட்டிக்கொண்டு போய்வந்தேன். மடல் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இவர்கள் அங்கே போன கதை. 12ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹங்கேரி அரசர் இரண்டாம் கேசா, எல்லையைக் காக்கவும் காட்டைத் திருத்தவும் ஆள் வேண்டும் என்று குடியேற அழைத்தார். ரைன், மோசல் ஆற்றங்கரைகளிலிருந்தும் இன்றைய லக்சம்பர்க் பக்கமிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். 1224இல் இரண்டாம் ஆண்ட்ரூ அரசர் ஒரு பட்டயம் கொடுத்தார். எல்லாருமாகச் சேர்ந்து ஆண்டுக்கு 500 வெள்ளி மார்க் கட்ட வேண்டும். நீதிபதியையும் பாதிரியாரையும் அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எந்தப் பிரபுவுக்கும் அடிமை வேலை செய்ய வேண்டியதில்லை.

அந்த ஊரின் அழகுக்கு இந்தப் பட்டயம்தான் காரணம் என்பது என் கட்சி. ஊரில் மாளிகை என்று ஒன்று கிடையாது. அகலமான பெரிய தெரு, இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு வீடுகள். வீட்டின் குறுக்குச் சுவர் தெருவைப் பார்த்திருக்கும். பக்கத்திலேயே வண்டி நுழையும் உயரமான கதவு. அதைத் திறந்தால் நீண்ட முற்றம், கடைசியில் குறுக்கே களஞ்சியம், அதற்குப் பின்னால் பழத்தோட்டம். சுவருக்கு நீலம், பச்சை, காவி என்று சுண்ணாம்பில் கலந்த வண்ணம். முகப்பில் கட்டியவர் பெயரின் முதலெழுத்துகளும் ஆண்டும் புடைப்பாக இருக்கும். மாலையில் மேய்ச்சலிலிருந்து மாடுகள் கூட்டமாக இறங்கி வரும். ஒவ்வொன்றும் தன் வீட்டுக் கதவைப் பார்த்துத் தானே திரும்பிக்கொள்ளும். வேடிக்கை பார்க்க வந்த சுற்றுலாக்காரர்கள்தான் அதற்கு இடைஞ்சல்.

ஊருக்கு மேல் குன்றில் நிற்பது கோட்டைக் கோயில். ஹங்கேரி மொழி பேசும் செக்கேலி மக்கள் கட்டியிருந்த பழைய சிறு ஆலயத்தைச் சாக்ஸன்கள் எடுத்து வளர்த்தார்கள். 14ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஒட்டமான் (துருக்கி) படைகள் வர ஆரம்பித்ததும் ஊர் ஊராகக் கோயிலைச் சுற்றி மதிலும் கோபுரமும் எழும்பின. படை வருகிறது என்றால் ஊரே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். அதனால் தானியப் பெட்டிகளையும் மதிலுக்குள்ளேயே வைத்தார்கள். சண்டை ஓய்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பன்றிக் கொழுப்பையும் தொடையையும் உப்பிட்டு, புகையூட்டி, கோபுரத்தில் தொங்கவிடுவார்கள். துண்டுக்குத் துண்டு அந்தந்த வீட்டு அடையாளம். ஞாயிற்றுக்கிழமை வந்து வாரத்துக்கு வேண்டியதை அறுத்துக்கொண்டு, அறுத்த இடத்தில் முத்திரை குத்திவிட்டுப் போக வேண்டும். இடையில் யாராவது கைவைத்தால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். ஊர் ஒற்றுமை எல்லாம் சரி, உப்புக்கண்டம் என்று வந்துவிட்டால் யாரும் யாரையும் நம்பவில்லை போலிருக்கிறது.

சங்கம் நடத்துகிற நாம் பார்க்க வேண்டியது, தெருவுக்குத் தெரு அவர்கள் வைத்திருந்த 'அண்டை' அமைப்பு. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்தவர்கள் அதில் சேர்ந்தாக வேண்டும். வீடு கட்டுவது, பொதுக் கிணறு தூர்வாருவது, தீக்காவல், சாவு விழுந்தால் குழி வெட்டுவதும் பாடை தூக்குவதும் எல்லாம் அண்டையின் வேலை. தலைவருக்கு 'அண்டைத் தந்தை' என்று பெயர். அவர் சொல்லும் செய்தி, செதுக்கிய மரப்பலகை ஒன்றோடு வீடு வீடாகக் கைமாறும். யாரும் தேக்கி வைக்கக் கூடாது. சாவுக்குத் தாமதமாக வந்தால் அபராதம். ஆண்டுக்கு ஒரு நாள் கணக்கு வாசிப்பார்கள். அன்றைக்குள் சண்டைக்காரர்கள் எல்லாரும் சமாதானமாகிவிட வேண்டும். பகையை வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்க உட்காரக் கூடாது என்பது அவர்கள் சட்டம். நம் சங்கத்தின் போன ஆண்டு கணக்கு வாசிப்பு எனக்கு ஞாபகம் வந்தது. அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

எண்ணூறு ஆண்டு இருந்தவர்கள் ஒரே தலைமுறையில் காலியானார்கள். 1945 ஜனவரியில் ருமேனியாவின் ஜெர்மானியர்களில் 17 முதல் 45 வயது ஆண்களையும் 18 முதல் 30 வயதுப் பெண்களையும் சோவியத் யூனியனுக்குக் கட்டாய வேலைக்குப் பிடித்துப் போனார்கள். சாக்ஸன்களில் மட்டும் சுமார் 30,000 பேர். அதே ஆண்டு நிலமும் பறிபோனது. பிறகு ருமேனியாவின் கம்யூனிச சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி இந்த ஜெர்மானியர்களை வைத்து வியாபாரமே செய்தது: வெளியேற அனுமதிக்கும் ஒவ்வொருவருக்கும் மேற்கு ஜெர்மனி தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டியது. 1967 முதல் 1989 வரை, சாக்ஸன்களும் மற்ற ஜெர்மானியர்களுமாக, 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி வெளியேறினார்கள். ஆட்சி கவிழ்ந்து எல்லை திறந்ததும் 1990இல் மட்டும் 1 லட்சத்து 11 ஆயிரம் பேர். விஸ்க்ரியில் இன்று மிச்சமிருக்கும் சாக்ஸன்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால் ஊர் பாழாகவில்லை. யுனெஸ்கோ பட்டியலில் 1993இல் பியர்தான் என்னும் இன்னொரு சாக்ஸன் கிராமம் சேர்ந்தது. 1999இல் விஸ்க்ரியும் வேறு சில கிராமங்களும் சேர்க்கப்பட்டன. மிஹாய் எமினெஸ்கு அறக்கட்டளை பழைய வீடுகளைச் சிமெண்ட் படாமல், சுண்ணாம்புச் சாந்தும் கையால் செய்த ஓடும் கொண்டே பழுது பார்த்தது. அந்த வேலையை உள்ளூர்க்காரர்களுக்கே கற்றுக்கொடுத்தது. 2006இல் அன்றைய இளவரசர் சார்ல்ஸ் அங்கே ஒரு வீடு வாங்கினார். செய்திகளில் அடிபடுவது அவர் பெயர்தான். ஆனால் கொத்து வேலை, ஓடு சுடுவது, கம்பளிச் சாக்ஸ் பின்னுவது, விருந்தினருக்குச் சமைப்பது எல்லாம் அங்கேயே இருக்கும் ரோமா (ஜிப்சி என்று சொல்லப்பட்டவர்கள்), ருமேனிய குடும்பங்களும் மிஞ்சிய சில சாக்ஸன்களும்.

என்னோடு வேலை பார்ப்பவரின் அம்மா பிறந்த வீட்டில் இப்போது ஒரு ரோமா குடும்பம் இருக்கிறது. முகப்பில் அவருடைய கொள்ளுத்தாத்தாவின் முதலெழுத்துகள் அப்படியே இருந்தன. சுவருக்கு நீலம் அடித்தபோது எழுத்துக்கு மட்டும் வெள்ளை அடித்திருந்தார்கள். வீட்டுக்காரப் பெண் எங்களை முற்றத்தில் உட்காரவைத்து, பிளம் ஜாமும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார். அம்மா வாயைத் திறக்காமல் தின்று முடித்துவிட்டு, கிணற்றுக்கு எப்போது மூடி போட்டீர்கள் என்று கேட்டார்.

சாக்ஸன் சங்கங்களின் பணம் பெரும்பாலும் கோயில் கூரைக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் குடும்ப வரலாற்று நூல்களுக்கும் போகிறது. கோடையில் மட்டும் வந்து தங்குபவர்களுக்குக் 'கோடைச் சாக்ஸன்' என்று பட்டப்பெயரே உண்டு. கூரையும் கல்லறையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே அடுப்பு எரிவது தங்கிவிட்டவர்களால் என்பதை மட்டும் கண்ணால் பார்த்தேன். அதனால் ஒரு தீர்மானம் முன்வைக்கிறேன்: நம் வசூலில் கால் பங்கை, ஊரில் இன்று குடியிருப்பவர்கள் கேட்கும் வேலைக்கு, அவர்கள் எந்தத் தெருக்காரர்களாக இருந்தாலும் சரி, ஒதுக்க வேண்டும். பொருளாளர் அண்ணன் நிகழ்ச்சி நிரலில் சேர்த்துக்கொள்ளவும். எதிர்ப்பவர்கள் கூட்டத்துக்கு முன்பே இங்கே எழுதிவிடுங்கள், அங்கே வந்து கத்த வேண்டாம்.

அப்புறம், போக நினைப்பவர்களுக்கு: பிரசோவிலிருந்து காரில் போவது வசதி. அந்த நகரத்தின் பக்கத்திலேயே பிரேஜ்மேர் இருக்கிறது. அங்கே கோட்டை மதிலின் உட்புறத்தில் குடும்பத்துக்கு ஒன்றாக 270க்கும் மேற்பட்ட அறைகள் அடுக்கடுக்காகக் கட்டியிருக்கிறார்கள். அதையும் பார்த்துவிடுங்கள். விஸ்க்ரியில் ஒரு இரவாவது தங்குங்கள். பகலில் வந்து படம் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு மாடு திரும்புவது கிடைக்காது.

அன்புடன்,
மேலத்தெரு கடைசி வீடு, இப்போது நியூரெம்பெர்க்