ரிச், லீன் கலவை: காற்றுக்குறை, காற்றுமிகை சரிவருமா?

செங்கோட்டை அண்ணாச்சிக்கும் மற்ற நண்பர்களுக்கும்,

கொல்லர்களுக்கான கேஸ் உலைக் கையேட்டில், காற்றோடு சேரும் கேஸ் கூடிப்போன கலவைக்கும் (ரிச்), காற்று கூடிப்போன கலவைக்கும் (லீன்) என்ன சொல் வைப்பது என்பதுதான் பேச்சு. அண்ணாச்சி கேட்டது:

> ரிச் என்றால் வளக் கலவை, லீன் என்றால் மெலிவுக் கலவை. இதில் என்ன தகராறு?

தகராறு இருக்கிறது அண்ணாச்சி. களியக்காவிளைப் பக்கம் ரப்பருக்குப் பால்வெட்டுக் கத்தி அடிக்கிறவர்கள் சிலர் கரி உலையை விட்டு கேஸ் உலைக்கு வந்திருக்கிறார்கள். கையேடு அவர்களுக்குத்தான். 'வளக் கலவை' என்று படித்தால், வளம் நல்லதுதானே என்று அப்படியே விட்டுவிடுவார்கள். உலைவாயில் மஞ்சள் நாக்கு முழ நீளம் நீளும், கார்பன் மோனாக்சைடு கொட்டகைக்குள் தேங்கும். அதற்கு மணம் கிடையாது. சிலிண்டர் கசிந்தால் காட்டிக்கொடுக்கும் மெர்காப்டன் நாற்றமும் சுடரில் எரிந்துபோய்விடும் என்பதால் மூக்கை நம்பி இருக்க முடியாது.

உலைக்காரர் கை எதன்மேல் இருக்கிறது என்று பாருங்கள். ரெகுலேட்டரில் அழுத்தத்தை வைத்த பிறகு, ஜெட்டிலிருந்து, அதாவது பர்னரின் நுண்துளையிலிருந்து, சீறும் கேஸ் தானே காற்றை இழுத்துக்கொள்கிறது. அந்த இழுவாயை எவ்வளவு திறப்பது என்பதுதான் மிச்ச வேலை. கன அளவில் ஒரு பங்கு புரொப்பேனுக்கு ஏறக்குறைய 24 பங்கு காற்று வேண்டும், பியூட்டேனுக்கு 31. நம் சிலிண்டரில் இரண்டும் கலந்திருக்கின்றன. புரொப்பேன் முந்தி ஆவியாகும், பியூட்டேன் பின்தங்கும். அதனால் சிலிண்டர் தீரத் தீர காலையில் வைத்த திறப்பு மாலைக்கு ஒத்துவராது, திரும்பத் திரும்பக் கை போகும். கை போவதெல்லாம் காற்றின்மேல்தான். ஆக காற்றை வைத்தே பெயர் சொல்லலாம்: லீனுக்குக் காற்றுமிகை, ரிச்சுக்குக் காற்றுக்குறை, இரண்டுக்கும் நடுவே சமன். பைக் மெக்கானிக்கும் 'ஏர் ஸ்க்ரூ' என்றுதானே சொல்கிறார்?

காற்றுமிகையில் பழுத்த இரும்பு ஆக்சிஜனைப் பிடித்துச் செதில் செதிலாய் உரியும், கத்தியின் கனம் வீணாகும். இரும்போடு இரும்பை உலையில் ஒட்டவைக்கும்போது மட்டும் ஒரு மயிரிழை காற்றுக்குறையில் ஓட்டுவார்கள். அதுவும் காற்றோட்டம் உள்ள இடத்தில். 'குறை' என்று பெயரிலேயே இருந்தால், வேண்டுமென்றுதான் குறைக்கிறோம் என்பது ஓட்டுகிறவருக்கு மறக்காது.

அந்த இழுவாயின் மூடிக்கு, அதாவது சோக்குக்கு, காற்றுமடை என்கிறேன். ஊதுவிசிறி வைத்த உலைக்கும் அதே சொல் பொருந்தும், அங்கே குழாயில் இருக்கும் தகடுதான் மடை. 'மடையைப் பாதி அடை' என்றால் ஏரிக்கரையில் வளர்ந்தவனுக்கு விளக்கம் வேண்டாம். (மடைப்பள்ளியில் மடை என்றால் சோறு என்று அண்ணாச்சி கிளம்புவார், தெரியும்.)

---

தம்பி,

சோற்றை விடும். மிகை, குறை எல்லாம் ஏட்டுத் தமிழ். பட்டறையில் 'காற்று தூக்கல்' என்று சொன்னால் உப்பு தூக்கல் மாதிரி சட்டென்று பிடிபடும். புளியரையிலிருந்து ஆரியங்காவு வரை எந்த ஆசாரியிடம் கேட்டாலும் புரியும். அதையே போடக்கூடாதா?

---

அண்ணாச்சி, தூக்கலில் எனக்கும் ஆசைதான். ஆனால் கலவை வேகம் கூடிப்போனால் சுடரே பர்னர் வாயை விட்டு எழும்பி நிற்கும், தெரியுமல்லவா? காற்று கூடக்கூட அந்த ஆபத்தும் கூடும். அதையும் 'சுடர் தூக்கல்' என்றுதான் யாரும் சொல்வார்கள். ஒரே பக்கத்தில் இரண்டு தூக்கல் வந்தால் படிக்கிறவர் குழம்புவார். சுடர் எழும்புவதற்கு சுடர் கழலல் என்று வைப்போம். அதற்கு எதிர்நிலை, வேகம் குறைந்து சுடர் 'டப் டப்' என்று குழாய்க்குள் ஓடுவது. கடல் உள்வாங்கியது என்கிறோமே, அந்தச் சொல்லையே எடுத்து சுடர் உள்வாங்கல் எனலாம். அப்படி நடந்தால் முதலில் கேஸை மூட வேண்டும், மடையைத் தொடுவது அதற்குப் பிறகு. இந்த வரி கையேட்டில் தடித்த எழுத்தில் வரட்டும்.

---

தம்பி,

கழலல், உள்வாங்கல் இரண்டும் சரி. காற்றுமிகை, காற்றுக்குறையும் இருக்கட்டும், பக்கத்தில் 'பேச்சில்: காற்று தூக்கல், காற்று கம்மி' என்று ஒரு வரி சேர்த்துவிடும். பதம் என்ற சொல்லை மட்டும் சுடரோடு சேர்க்கவேண்டாம். போன வாரம் ஒருவர் 'சுடர்ப்பதம்' என்றாரே, அது ஆகாது. கொல்லருக்குப் பதம் என்றால் கத்திக்கு ஏற்றுவது.

ஜெட்டுக்கும் தமிழ் தேடிக்கொண்டிருக்காதீர். கடையில் ஜெட் என்று கேட்டால்தான் கொடுப்பான்.