கன்ஃபவுண்டருக்கு 'அளவுமயக்கி' சரிவருமா?

கோபியிலிருந்து:

வணக்கம். ஈரல் எம்.ஆர்.ஐ கையேட்டில் 'கன்ஃபவுண்டர்' (நாம் அளக்கும் எண்ணை மாற்றிவிடும் வேறொன்று) வரும் இடமெல்லாம் 'குழப்பி' என்று போட்டிருக்கிறோம். எனக்கு ஒட்டவில்லை. குழப்பம் என்றால் பார்த்ததும் தெரிந்துவிடும். இங்கே எண் தெளிவாகத்தான் வருகிறது, ஆனால் வேறொன்றின் எண்ணாக வருகிறது.

எங்கள் மாமா பால் சொசைட்டியில் பால் அளந்தவர். "ஆடைய எடுத்துப்போட்டுத் தண்ணி ஊத்துனா லாக்டோமீட்டருக்குத் தெரியாதுங்க" என்பார். கொழுப்பு லேசு, அதை எடுத்தால் பாலின் அடர்த்தி ஏறும், தண்ணீர் அதை இறக்கிவிடும். அதனால்தான் கொழுப்பைத் தனியாக அளக்கிறார்கள்.

ஈரலில் டி1 நேரமும் (ரேடியோ அலை தட்டிவிட்ட புரோட்டான்கள் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம்) இப்படித்தான். நார்த்திசு வளர்ந்தாலும் அழற்சி வந்தாலும் கூடும், இரும்பு சேர்ந்தால் குறையும். இரண்டும் சேர்ந்திருந்தால் நல்ல ஈரல் மாதிரியே காட்டலாம். கொழுப்பு இன்னும் வேடிக்கை. அதன் சொந்த டி1 குறைவு, ஆகவே எண்ணை இறக்கும் என்றுதான் நினைப்போம். ஆனால் 3 டெஸ்லா காந்தவலிமையுள்ள கருவியில் கொழுப்பின் புரோட்டான்கள் நீரினுடையவற்றிலிருந்து சுமார் 440 ஹெர்ட்ஸ் தள்ளி அதிர்கின்றன. டி1 அளக்கும் 'மோலி' முறையில் அவற்றின் சைகை (சிக்னல்) நீரின் சைகைக்கு எதிராக விழுந்தால், கணக்கில் டி1 கூடிக்கூட வரும். நார்த்திசுவுக்கு உரிய எண்ணைக் கொழுப்பு போட்டுக்கொண்டு வருகிறது!

ஒரு வேற்றுமையின் உருபு இன்னொன்றின் பொருளில் வந்தால் உருபு மயக்கம் என்கிறோம் இல்லையா? அதே கதைதான். 'மயக்கி' என்று வைக்கலாமே.

ஈரோட்டிலிருந்து:

ஐயா, ஸ்கேன் அறையில் வேலை செய்கிறவள் சொல்கிறேன். 'மயக்கி' என்று படித்தால் ஊசி போடப்போகிறோம் என்றுதான் நினைப்பார்கள். உள்ளே படுக்கப் பயப்படும் குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துத்தானே எடுக்கிறோம். 'திரிப்பி' போதாதா?

இன்னொன்றும் இருக்கிறது. கொழுப்பே எப்போதும் குற்றவாளி இல்லை. கொழுப்புப் பின்னத்தை, அதாவது ஈரலில் கொழுப்பின் பங்கை, அளக்கும்போது கொழுப்புதான் நாம் தேடும் பொருள், இடைஞ்சல் செய்வது இரும்பு.

கோபியிலிருந்து:

ஊசி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லைங்க. ஆனால் படம் கோணினாலும் 'திரிபு' என்றுதான் எழுதியிருக்கிறோம், மறுபடி அதுவா? 'அளவுமயக்கம்', 'அளவுமயக்கி' என்று சேர்த்தே எழுதினால் திணைமயக்கம் போல நிற்கும், ஊசி நினைவு வராது. நீங்கள் சொன்ன இரண்டாவதுதான் முக்கியம். விளக்கத்தில் இப்படிச் சேர்க்கிறேன்: 'நாம் அளக்க வராத ஒன்று, ஆனால் அளக்கும் எண்ணை மாற்றுவது, டி1 அளவில் கொழுப்பு, கொழுப்புப் பின்னத்தில் இரும்பு.'

நோயாளி கைக்குப் போகும் தாளில் இந்தச் சொல்லே வேண்டாம். 'ஈரலில் கொழுப்பு இருப்பதால் இந்த எண் கூடுதலாகக் காட்டியிருக்கலாம்' என்றால் போதும்.

ஈரோட்டிலிருந்து:

சரிங்க ஐயா, 'அளவுமயக்கி'க்கு என் ஓட்டு. அப்புறம் அந்த 'பின்னம்' என்ற சொல்லையும் பாருங்கள். போன வாரம் ஒரு பெரியவர் கொழுப்புப் பின்னம் 12 சதவீதம் என்று படித்துவிட்டு, "ஈரல் பின்னமாயிருச்சாங்க?" என்று கேட்டார்.