பொருள்: கேம் பாய் திரையில் வெளுத்துப்போகும் கோட்டுக்கு ஒரு சொல்

வணக்கம்.

1989-இல் வந்த முதல் கேம் பாய் (டி.எம்.ஜி.-01) என்ற நின்டெண்டோ கையடக்க ஆட்டக் கருவியின் பழுதுநீக்கக் குறிப்புக்கு ஒரு சொல் தேவைப்படுகிறது. திரையில் நெடுக்கே 160 வரிசை, குறுக்கே 144. நெடுக்கு வரிசைகளில் சில மேலிருந்து கீழ்வரை வெளுத்து நிற்கும். அணிக்கணக்கில் (மேட்ரிக்ஸ்) நெடுக்கே போவது நிரல், குறுக்கே போவது நிரை என்பதால் வரைவில் "நிரல் பிழை" என்று போட்டிருக்கிறது. ஏற்கலாமா?

---

வேண்டாம் ஐயா. பள்ளிக்கூடத்தைத் தாண்டினால் நிரல் என்பது புரோகிராம்தான். "நிரல் பிழை" என்று படிப்பவர் நேரே ஆட்டம் அடங்கிய கேசட்டைக் கழற்றித் துடைக்கப் போவார். கேசட்டின் தொடுமுனை அழுக்கானால் வரும் கோளாறு வேறு: தொடக்கத்தில் நின்டெண்டோ பெயர் சிதைந்தோ வெறும் கறுப்புப் பட்டையாகவோ இறங்கி, ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். அதற்கு ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு போதும்.

"செத்த கோடு" என்றே சொல்லலாமே? கடையில் அப்படித்தான் பேசுகிறார்கள்.

---

செத்தது என்று எழுதினால் திரையைக் குப்பையில் போட்டுவிடுவார்கள், அதுதான் ஆபத்து. அங்கே எதுவும் சாகவில்லை. கண்ணாடியின் கீழ்விளிம்பில் ஒரு மெல்லிய நாடா சூட்டுப் பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. பசை காய்ந்து ஓரிடத்தில் ஒட்டு விட்டுப்போனால், அந்த வரிசைக்கு மின்னழுத்தம் போகாது. அழுத்தம் இல்லாத வரிசை கறுக்காது, வெளுத்தே நிற்கும். நாடாவை விரலால் அழுத்தினால் கோடு உயிர்பெறும், விட்டால் மறுபடி போகும். செத்தது எங்காவது விரல் பட்டுப் பிழைக்குமா?

என் பரிந்துரை: விடுகோடு. வினைத்தொகை. விட்ட கோடு, விடுகின்ற கோடு, விடும் கோடு மூன்றும் அதற்குள் அடங்கும். வந்து வந்து போகும் இந்தப் பழுதுக்கு முக்காலமும் பொருந்துகிறது. காரணத்துக்கு "ஒட்டுவிடல்" என்று தனிச்சொல் வைத்துக்கொள்ளலாம்.

அடையாளம் காணும் வழியையும் குறிப்பில் சேருங்கள். படம் பக்கவாட்டில் நகரும் ஆட்டத்தை ஓடவிட வேண்டும். படம் நகர்ந்தும் கோடு இடம் மாறாவிட்டால் விடுகோடு. படத்தோடு சேர்ந்து, எட்டுப் புள்ளிக் கட்டங்களாகக் குப்பை நகர்ந்தால் கோளாறு திரையில் இல்லை.

---

விடுகோடு நன்று. "விடுக்கோடு" என்று யாராவது திருத்தக்கூடும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்று அடிக்குறிப்புப் போட்டுவிடுங்கள்.

சரிசெய்யும் முறைக்கு என் வரிகள்:

பேட்டரி நான்கையும் கேசட்டையும் எடுக்கவும். பின்மூடியில் ஆறு திருகாணி. தலையில் மூன்று சிறகு வெட்டு இருக்கும், சாதாரண ஸ்டார் திருப்புளியால் முயன்றால் தலை மழுங்கிவிடும். இரண்டு பாதிகளையும் இணைக்கும் நாடாவைச் சாய்க்காமல் நேராக உருவவும். முன்பாதியின் சர்க்யூட் பலகையை வெளி ஓட்டிலிருந்து எடுத்து, கண்ணாடிக்குக் கீழே உள்ள பட்டையை விலக்கினால் ஒட்டு தெரியும். சால்டரிங் அயர்னில் ஈயம் ஒட்டியிருக்கக் கூடாது. சூட்டை மாற்ற முடியுமானால் 200 செல்சியஸைத் தாண்ட வேண்டாம். நுனியால் குத்தாமல் பக்கவாட்டால், துணிக்கு இஸ்திரி போடுவதுபோல லேசாக, ஓரிடத்தில் நிற்காமல் இழுக்கவும். விடுகோடு இருக்கும் இடத்தில் மட்டும் இரண்டு மூன்று முறை போதும். அதிகம் சுட்டால் நாடா சுருங்கி, ஒரு கோட்டுக்குப் பதில் பத்துக் கோடு போய்விடும். சூடு ஆறியபின் மூடுவதற்கு முன்பே இயக்கிப் பார்க்கவும்.

---

ஏற்கிறேன். வரைவில் "நெடு விடுகோடு", "கிடை விடுகோடு" என்று பிரித்துவிடுகிறேன். நின்டெண்டோவின் பழைய வீட்டு ஆட்டக் கருவியான ஃபேமிகாமைத் தொலைக்காட்சியில் இணைத்தால் மங்கலாகத் தெரியும் செங்குத்துப் பட்டைகளும் இதில் சேருமா?

---

சேராது. அது படக்குறிப்பலையில் (வீடியோ சிக்னல்) கலக்கும் இரைச்சல். எந்தக் கோடும் விட்டுப்போவதில்லை. அதற்குச் "சிறைக்கம்பி" என்றே இருக்கட்டும், பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது. திரையில் கறுப்பாகத் தேமல் படர்வதும் விடுகோடு அன்று. கண்ணாடிமேல் ஒட்டிய ஒளிமுனைவுத் தாள் (போலரைசர்) கெட்டிருக்கிறது, தாளை மாற்ற வேண்டும்.

கிடை விடுகோட்டுக்கு மேலே உள்ள இஸ்திரி முறையை அப்படியே எழுதிவிடாதீர்கள். அந்த ஒட்டு பக்கவாட்டு நாடாவில் இருக்கிறது, எளிதில் கிழியும்.